எவுப்பிராசி டீச்சரின் தலையான பாவம்

கோவிலுக்குள் இடது பக்கம், பங்குச்சாமியார் பாவ அறிக்கை கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் ஓர் ஈ காக்கை இல்லை. பாவம், மனுசன் உள்ளே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. வலது பக்கத் தொட்டிக்கு முன்னால் நின்ற வரிசையோ அந்தோனியார் சுரூபத்தைத் தாண்டி, மாதா பீடத்தைத் தாண்டி, வாசலுக்கு வெளியேயும் போயிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் நின்றாள் எவுப்பிராசி டீச்சர், ஆனாலும் முக்காட்டைச் சரி செய்கிற சாக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டாள், அடேயப்பா, கடல்கரைத் தெரு முழுக்க இங்கேதான் நிற்கிறது, பெரிய வியாழன் அன்றைக்குக்கூட இத்தனை கூட்டம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்ததில்லை. எல்லாம் யாருக்காக? உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் அவள் பெற்ற மகன் ரெமிஜியுஸ். உட்கார்ந்திருக்கிறவர் என்று சொல்ல வேண்டும், புதன்கிழமை ஆயர் கையால் குருப்பட்டம் வாங்கினதிலிருந்து அவர்தான், அவன் இல்லை. வீட்டில்கூட 'சாமி, சாப்பிட வாங்க' என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிடும்போதே வாய் இனிக்கிறது, யாருக்குத்தான் இனிக்காது? நாளைக்குக் காலையில் இதே கோவிலில் அவருடைய புதுப்பூசை. பீடத்துக்கு எதிரே தாய்க்கென்று ஒரு நாற்காலி போட்டு, பட்டு விரித்து, பூச்சுற்றி வைத்திருக்கிறார்கள், சற்று முன்னால்தான் அதைப் பார்க்காதது மாதிரி பார்த்துவிட்டு வந்தாள். பூசை முடிந்ததும் பாராட்டுக் கூட்டம், அதில் குருவின் தாய் எழுந்து பேச வேண்டும், இந்தப் பிள்ளையை எப்படி வளர்த்தேன் என்று. அந்தப் பேச்சு அவள் தலைக்குள் முழுசாகத் தயாராக இருக்கிறது. முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் பேசின தொண்டைக்கு ஒரு பேச்சு பெரிசா? எல்லாம் தயார்தான். ஆனால் நாளைக்கு மகன் கையால் முதல் ஆளாக நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்க வேண்டும் என்றால் ஆத்துமம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆத்துமம் சுத்தமாக வேண்டும் என்றால் எட்டு வருசமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதையும் அவரிடமே சொல்ல வேண்டும். 'பெத்த பிள்ளைகிட்டயா டீச்சர்' என்று பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி காலையில் வாயைப் பிளந்தாள். தொட்டிக்குள்ளே இருக்கிற காது சர்வேசுரனுடைய காது, அதற்கு ஏது பிள்ளை, ஏது தாய் என்று பதில் சொல்லி அனுப்பியாயிற்று. நல்ல பதில்தான்.

காலையில் உறுதியாக நின்ற அந்தப் பதில் இப்போது ஆட்டம் கண்டது, அதற்குக் காரணம் அவளுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கித்தேரி. செத்துப்போன புருசன் சவரிராயனின் தங்கச்சி, ரெமிக்கு அத்தை. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான், ஆனால் எட்டு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. முருங்கைக்காயை அவள் பறித்தால் இவள் பறிக்க மாட்டாள், இவள் பறித்தால் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். இப்போது அந்தப் பிடரியை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. நரைத்துவிட்டாள். எண்ணெய் தேய்த்து இறுக்கிச் சீவிய கொண்டை, பின்கழுத்தில் வியர்வை, கையில் தேய்ந்துபோன செபமாலை. இவள் எதற்கு இந்த வரிசையில் நிற்க வேண்டும்? அந்தப் பக்கம் பங்குச்சாமியார் சும்மாதானே இருக்கிறார்? அவரிடம் போய்ச் சொல்லக் கூடாதா? கூடாது, இவள் என் மகனிடம்தான் சொல்வாள், என்ன சொல்வாள் என்றும் எனக்குத் தெரியும். 'சாமி, நான் ஒரு ஆள வெறுத்தேன்' என்பாள். யாரை என்று அவர் கேட்க மாட்டார். கேட்காவிட்டால் என்ன, இவள் சொல்லிவிடுவாள், இவளுக்கு வாயில் எதுவும் தங்காது. அன்றைக்கும் தங்கவில்லையே. ரெமி குருமடத்தில் தத்துவ இயல் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், வெயிலில் முகம் கருத்துப்போய், 'எனக்கு இது சரிப்படாதும்மா' என்றான், அவ்வளவுதான் சொன்னான். கித்தேரி டீச்சர் வீட்டு அடுப்படியில் சீலா மீனை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து வந்தாள், அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை டீச்சர் இன்றுவரை மறக்கவில்லை. அவளுக்கு ஒரு மகள், ஜெசிந்தா. முறைப்பெண். சின்ன வயசிலிருந்து ரெமியோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள். டீச்சர் ஒன்றும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற சாதியா அவள்? சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்து குருமடத்து வெள்ளை அங்கியை எடுத்தாள், உதறினாள், இஸ்திரி போட்டாள், காலரை இரண்டு தடவை தேய்த்தாள், மடித்து அவன் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு, 'சர்வேசுரனுக்குக் குடுத்த பிள்ளைய நான் திருப்பி வாங்க மாட்டேன். இதப் போடாம வந்தா இந்த வீட்டுல உனக்கு அம்மா இல்ல' என்றாள். அவன் கை கழுவினான். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். அந்த பஸ் தெருமுனை திரும்புமுன் கித்தேரி அடுப்படி வாசலில் நின்று சொன்னாள்: 'சர்வேசுரனுக்காவா அனுப்புனீய மதினி? உங்க பெருமைக்குல்லா அனுப்புனீய.' அதோடு பேச்சு நின்றது. ஜெசிந்தா இப்போது மஸ்கட்டில் இரண்டு பிள்ளையோடு நன்றாகத்தான் இருக்கிறாள், ஃபோட்டோவெல்லாம் வருகிறதாம். நன்றாக இருக்கிறவளுக்காக இந்த அம்மாள் எதற்கு இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

வரிசை ஓர் அடி நகர்ந்தது. கித்தேரி சொன்னது பொய் என்றால் டீச்சர் அன்றைக்கே மறந்திருப்பாள். பொய் இல்லை, அதுதான் முள். சர்வேசுரன் பேரை வாய் சொன்னபோது மனசில் சர்வேசுரன் இல்லை, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை இருந்தது, அங்கே திங்கட்கிழமை மற்ற டீச்சர்மார் 'என்ன டீச்சர், பையன் திரும்பி வந்துட்டானாமே' என்று கேட்கப்போகிற குரல் இருந்தது, கித்தேரி முகத்து வெளிச்சம் இருந்தது, குருவின் தாய் என்கிற நாற்காலி இருந்தது. இதை அவள் ஒரு பாவமாக எண்ணியதே கிடையாது, ரெமிக்குக் கண்நோய் வந்த அந்தக் கோடை விடுமுறை வரைக்கும். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக் கிடந்தான், விடுமுறை முடிந்ததும் ஒழுக்க இறையியல் பரிட்சை. அவள்தான் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். இங்கிலீசில் இருந்ததை வாய்க்கு வந்த தமிழில் மாற்றி மாற்றி அவனுக்குச் சொன்னாள், எழுநூறு வருசத்துக்கு முன்னால் யாரோ ஒரு துறவி மனுசனைப் பிரித்துப் பிரித்து எழுதிவைத்தது. பாவத்துக்குக் காரணம் என்ன? உள்ளே மூன்று என்கிறார். புத்தியில் அறியாமை, உணர்ச்சியில் வேகம், சித்தத்தில் தெரிந்தே செய்கிற கெட்ட எண்ணம். உணர்ச்சியையும் விடவில்லை, மீன் நறுக்குகிற மாதிரி பதினொன்றாக நறுக்கி அடுக்கியிருக்கிறார். நேசம் என்றால் எதிரே பகை, ஆசை என்றால் எதிரே அருவருப்பு, மகிழ்ச்சிக்குத் துக்கம், நம்பிக்கைக்கு அவநம்பிக்கை, அச்சத்துக்குத் துணிச்சல், எல்லாம் சோடி சோடியாக வந்துவிட்டு, கோபம் மட்டும் தனியாக நிற்கிறது. கோபத்துக்கு எதிர் கிடையாதாம். இதை வாசித்தபோது டீச்சருக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போயிற்று, கல்யாணம் ஆகாதவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று சிரித்தாள், ரெமியும் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தான். உணர்ச்சி என்பதே வியாதி, அதை அறுத்து எறி என்று சொன்ன பழைய ஆட்களோடு அவர் சண்டை போடுகிறார், உணர்ச்சி பாவம் இல்லை, புத்திக்கு அடங்கி நின்றால் அது நல்லதுகூட என்கிறார். வேகத்தில் செய்தால் பாவத்தின் கனம் குறையும், வேகம் புத்தியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் பாவமே இல்லை. அப்போதுதான் அவள் குரல் ஒரு நிமிசம் நின்றது. ஏனென்றால் அன்றைக்கு மத்தியானம் அவளுக்குக் கோபமே வரவில்லை. வேகம் இல்லை. காலரை இரண்டு தடவை தேய்த்தவளுக்கு வேகம் என்று எந்தச் சாமியார் நம்புவார்? அறியாமையும் இல்லை, டீச்சருக்கு ஏது அறியாமை? அப்படியென்றால் மூன்றாவதுதான் மிச்சம், தெரிந்தே, நிதானமாக, இஸ்திரி போட்டு மடித்துச் செய்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பயத்துக்கு அடியில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. அழுது புரண்டு ஆர்ப்பாட்டம் பண்ணுகிற தாய்மார் ஆயிரம் பேர், ஒரு குரல் உயர்த்தாமல் காரியத்தை முடித்தவள் யார்?

இதோ, இதுதான். இதைத்தான் பிடிக்க வேண்டும், பிடித்துக் கொண்டுபோய் அந்தத் தொட்டியின் சல்லடைத் தட்டிக்கு முன்னால் போட வேண்டும். தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஆங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல், தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வாள். ஆனால் அந்தப் புத்தகத்தில் வேறு கணக்கு. ஆங்காரத்தை ஏழோடு சேர்க்கக் கூடாதாம், அந்த இடத்துக்கு வீண்பெருமையாம், ஆங்காரம் ராணியாம், ஏழு பேரும் அவளுக்குப் படைத்தலைவர்களாம், அவள் கண்ணைக் காட்டினால் அவர்கள் போய் ஆத்துமத்தைப் பிடிப்பார்களாம். ராணி என்றதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்ததை ரெமி பார்க்கவில்லை, கறுப்புக் கண்ணாடி. மற்றவர்கள் சோம்பலையும் போசனப்பிரியத்தையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சரி, ஆங்காரம்தான் நம்முடையது. எந்த வகை? அதற்கும் நாலு கிளை உண்டு. நம்மிடம் இருக்கிற நல்லது நம்மாலேயே வந்தது என்று நினைப்பது ஒன்று. கடவுள்தான் கொடுத்தார், ஆனால் நம் தகுதியைப் பார்த்துக் கொடுத்தார் என்று நினைப்பது இரண்டு. இல்லாததை இருப்பதாகப் பீற்றிக்கொள்வது மூன்று. நம்மிடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்கக் கூடாது என்று மற்றவர்களைத் தாழ்த்துவது நாலு. முதல் கிளை, ஆமாம், இருக்கிறது, ஒத்துக்கொள்கிறாள். இரண்டாவதும் இருக்கிறது, புருசன் செத்த பிறகு ஒற்றைச் சம்பளத்தில், ஒரு தப்புப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் வளர்த்தவளுக்குக் கடவுள் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்? நாலாவது, முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். மூன்றாவது மட்டும் சுத்தமாகக் கிடையாது. இல்லாததை இருக்கிறது என்று எவுப்பிராசி ஒரு நாளும் சொன்னதில்லை. குருப்பட்டத்தன்று அவர் கையில் எண்ணெய் பூசிக் கட்டின வெள்ளைத் துணி அவளிடம்தான் இருக்கிறது, தாய்க்குத்தான் அதைக் கொடுப்பது வழக்கம், நாளைக்கு அவள் செத்தால் அதை அவள் கையில் வைத்துத்தான் பெட்டியை மூடுவார்கள், மோட்ச வாசலில் அதைக் காட்டினால் போதும் என்பார்கள். பீரோவில் பட்டுச் சேலைக்குள் வைத்திருக்கிறாள், தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறாள், எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. இருக்கிறதைத்தானே சொல்கிறாள்?

கித்தேரி திரையைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குள் போனாள்.

போயேவிட்டாள். திரைக்குக் கீழே முழங்கால் போட்ட காலின் குதிகால் மட்டும் தெரிகிறது, வெடித்த குதிகால், அசையவே இல்லை. முணுமுணுப்பு கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை, கேட்கக் கூடாது, கேட்க முயற்சி பண்ணினாலே பாவம், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மந்திரம் சொன்னாள், காது மட்டும் மூடவில்லை. ஏன் இவ்வளவு நேரம்? மற்றவர்களெல்லாம் போனார்கள், வந்தார்கள். இவளுக்கு அப்படி என்ன பாவம்? என் பாவத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கியை மடித்து வைத்ததைச் சொல்கிறாள், காலரைச் சொல்கிறாள், உங்க அம்மா உங்களச் சர்வேசுரனுக்குக் குடுக்கல சாமி, ஊருக்குக் காட்டத்தான் குடுத்தா என்று சொல்கிறாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு? தொட்டிக்குள் கேட்டதை வெளியே ஒரு மூச்சு விடக் கூடாது, தலையை வெட்டினாலும் விடக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு 'அம்மா, ரசம் நல்லா இருக்கு' என்பார், நாளைக்கு என் நாக்கில் நன்மையை வைப்பார், அந்தக் கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சாகிற வரைக்கும் எனக்குத் தெரியாது. சவரிராயன் இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பான், எவுப்பி, நீ எதுக்குத் தேவையில்லாம நெனச்சு நெனச்சு ஒடம்பக் கெடுக்க என்று. அவனுக்கென்ன, நினைக்காமலே வாழ்ந்து நினைக்காமலே போய்ச் சேர்ந்தான். அவள் மறுபடியும் அந்தப் பழைய துறவியைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவரிடம் இதற்கும் ஒரு பதில் இருந்ததே. ஒருத்தனுடைய பாவத்துக்கு வெளியே இருந்து காரணம் உண்டா என்று கேட்கிறார். பசாசு காரணமா? பசாசு ஆசை காட்டலாம், பயமுறுத்தலாம், மனசில் படம் படமாகக் காட்டலாம், ஆனால் ஒருத்தனுடைய சித்தத்தைத் திருப்ப அவனால் முடியாது. மனுசனாலும் முடியாது. எடுத்துச் சொல்லலாம், தூண்டலாம், அவ்வளவுதான், கதவைத் திறக்க வேண்டியது உள்ளே இருக்கிறவன்தான். அப்பாடா! அப்படியென்றால் ரெமி திரும்பிப் போனதற்கு நான் காரணம் இல்லை. நான் அங்கியைத்தான் மடித்து வைத்தேன், எடுத்துக்கொண்டு போனது அவன். பசாசாலேயே முடியாததை ஒரு பள்ளிக்கூட டீச்சரா பண்ண முடியும்? கித்தேரி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மூச்சு லேசாக வந்தது. ஒரு நிமிசம்தான் வந்தது. அடுத்த நிமிசமே எங்கோ இடித்தது. நான் காரணம் இல்லை என்றால், இது எதற்குமே நான் காரணம் இல்லை. நாளைக்கு உட்காரப்போகிற நாற்காலிக்குக் காரணம் இல்லை, பேசப்போகிற பேச்சுக்குக் காரணம் இல்லை, வாசலைத் தாண்டி நிற்கிற இந்த வரிசைக்குக் காரணம் இல்லை. குற்றம் என் மேல் இல்லை என்றால் பெருமையும் என்னுடையது இல்லை, இரண்டும் ஒரே முடிச்சில் கிடக்கிறது, ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் கையோடு வந்துவிடும். அது எப்படி? விடுவாளா அவள்? வேண்டாம். அந்தத் துறவி சொன்னது அவரோடு போகட்டும். நான்தான் அனுப்பினேன், நான்தான் அவனைச் சாமியாராக்கினேன், தெரிந்தே செய்தேன், அது பாவம் என்றால் பாவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் அது நான் செய்தது. பொட்டில் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு, இப்படி ஒரு எண்ணம் தனக்குள்ளிருந்தே வந்ததே என்று. ஒன்றுமில்லாதவளாக இருப்பதைவிடக் குற்றவாளியாக இருப்பது மேல் என்று நினைக்கிறாளே, இது நாலு கிளையில் எந்தக் கிளை? அவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறாரா? எழுதியிருப்பார், அவர் விட்டுவைக்கிற ஆள் இல்லை, அவள்தான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

திரை விலகியது. கித்தேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள், டீச்சரைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தூண் பக்கம் போய் முழங்கால் போட்டாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று யோசிக்க நேரமில்லை, பின்னால் நின்றவள் டீச்சரின் முழங்கையைத் தொட்டாள்.

உள்ளே இருட்டாக, புழுக்கமாக இருந்தது. புது வார்னீஷ் வாசம், மகனுக்காக ஊரார் பூசினது. சல்லடைக்கு அந்தப் பக்கம் அவர் தோளில் போட்ட ஊதாப் பட்டை தெரிந்தது, காது தெரிந்தது, சின்ன வயசில் அவள் எண்ணெய் விட்டுத் தேய்த்த காது. முகத்தை அவர் திருப்பவில்லை, கையால் நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தார், எல்லாருக்கும் அப்படித்தானோ, தனக்கு மட்டும்தானோ. தொடங்க வேண்டிய வார்த்தைகளைச் சொன்னாள், போன தடவை எப்போது என்று சொன்னாள், அற்பப் பாவங்களை முதலில் சொன்னாள், பால்காரனைத் திட்டியது, வெள்ளிக்கிழமை மறதியாக ஆட்டுக்கறி தின்றது. பிறகு பெரியதைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. அறியாமையால் அல்ல, கோப வேகத்தாலும் அல்ல, தெரிந்தே, சர்வேசுரன் பேரைச் சொல்லி என் ஆங்காரத்துக்காக என் மகனைத் திருப்பி அனுப்பினேன் சாமி, போக விருப்பமில்லாதவனை நான்தான் குருவாக்கினேன் என்று முடித்தாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் அழுவார் என்று நினைத்தாளா, கோபப்படுவார் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது. மின்விசிறி கிறீச்சிட்டது.

"அன்னைக்கு நான் திரும்பிப் போனது நீங்க சொன்னதுனால இல்லம்மா" என்றார் அவர்.

அவள் சல்லடைக்கு இன்னும் நெருங்கினாள். "பின்ன எதுனால?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது."

"இல்ல சாமி. நான்தான் அனுப்புனேன். அங்கிய இஸ்திரி போட்டு வச்சேன். சாயங்கால பஸ்ஸுக்கு நீங்க போனீங்க. நான் சொல்லாட்டி நீங்க போயிருக்க மாட்டீங்க." குரல் ஏறிவிட்டது, வெளியே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அவர் குரல் மெதுவாக, ஆனால் பிசிறு இல்லாமல் இருந்தது. "நீங்க இப்பப் பாவத்தச் சொல்லலம்மா. உரிமை கொண்டாடுறீங்க."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் டீச்சர் எழுந்து போயிருப்பாள். பங்குச்சாமியார் சொல்லியிருந்தால் ஆயருக்கே எழுதிப் போட்டிருப்பாள். சொன்னது இவர். அழுகை வந்தது, அழுகையோடு ஓர் அதிசயமும் வந்தது, இவ்வளவு கூர்மையாக ஒரு சாமியார் பேசி அவள் கேட்டதே இல்லை, எங்கே படித்தான் இதை, நான் வாசித்துக்காட்டின புத்தகத்திலா என்று மனசு உடனே கிளம்பியது, சீ, அடங்கு என்று அதை அதட்டினாள். பாவத்துக்குப் பரிகாரமாக அவர் அபராதம் சொன்னார். செபமாலையில் பத்து மணி சொல்லச் சொல்வார் என்று இருந்தாள். அவர் சொன்னது வேறு. இந்த நிமிசத்திலிருந்து நாளைக்குப் பாராட்டுக் கூட்டம் முடிகிற வரைக்கும், உங்க மகன் எப்படிச் சாமியாரானார் என்று யார் கேட்டாலும், மேடையில் கேட்டாலும் சரி, 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும், முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்றார். தலைக்குள் இருந்த பேச்சு முழுசும், தொடக்கத்திலிருந்து நன்றி வரைக்கும், நொறுங்கி விழுந்தது. பாவத்துக்காக வருந்துகிற மனஸ்தாப மந்திரம் சொல்லும்போது நடுவில் இரண்டு வரி மறந்துபோயிற்று, எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்தவளுக்கு. அவர்தான் எடுத்துக்கொடுத்தார். கையை உயர்த்திப் பாவ மன்னிப்புக் கொடுத்தார், அந்தக் கை சல்லடைக்கு அந்தப் பக்கம் சிலுவை வரைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தூண் பக்கத்திலிருந்து கித்தேரி எழுந்து வந்தாள், நேரே வந்தாள், ஒதுங்கிப் போக இடம் கொடுக்காமல் முன்னால் நின்றாள்.

"மதினி" என்றாள். எட்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல். "நான் என்னென்னமோ பேசிட்டேன் அன்னைக்கு. மனசுல வச்சுக்கிடாதீய. உள்ள அவன் எங்கிட்டப் பேசுன பேச்சு... எஞ் சென்மத்துல ஒரு சாமியாரும் இப்படிப் பேசுனதில்ல. எப்படி மதினி அவன இப்படி ஆக்குனீய?"

கேட்டுவிட்டாள். ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. இவள் கேட்கத்தான் டீச்சர் எட்டு வருசம் காத்திருந்தாள் என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது, ஒற்றைச் சம்பளம், விடியற்காலை செபம், கண்நோய், புத்தகம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

சொல்லி முடித்ததும் அது அபராதத்துக்காகச் சொன்ன வார்த்தையாக இல்லை. நிசமாகவே தெரியாது. அன்றைக்கு பஸ் ஏறினவன் மனசில் என்ன இருந்தது என்று பெற்றவளுக்குத் தெரியாது. அந்த இடம் காலியாக இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடலாம் போல இருந்தது.

கித்தேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண் நிறைந்துபோயிற்று. டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னாள்: "இம்புட்டுத் தாழ்ச்சியா மதினி உங்களுக்கு! இது தெரியாம நான் உங்களப் போய்ப் பெருமக்காரின்னு சொல்லிட்டனே!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ 'ஆமா பின்ன, சாமியப் பெத்தவள்ளா' என்றார்கள். டீச்சரின் அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோசம் கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது, நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறியது, அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. தாழ்ச்சியில் இந்த ஊரிலேயே தன்னை மிஞ்ச ஓர் ஆள் உண்டா என்று மனசு கேட்டது, கேட்டுவிட்டுப் பதிலும் சொன்னது, அந்தப் பதிலைக் கடைசி எழுத்து வரைக்கும் அவள் ருசித்துக் கேட்டாள். பிறகுதான் தொட்டிப் பக்கம் பார்த்தாள்.

கித்தேரியின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டபடி எல்லாரையும் தாண்டி வாசலுக்கு வெளியே நடந்தாள். அங்கே வெயிலில் நின்ற கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.